முதுகுப் பக்கம் சுவர் இல்லை

வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு, அறுபத்து நான்கு நாற்காலிகளுக்கு எதிராகப் போர் அறிவித்தார் 'மனசு'.

மனசு என்பது குடியிருப்பில் அவருக்கு வைத்த பெயர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவர். பதினெட்டு வருடமாக அடுத்தவர் கண்ணுக்குள் எட்டிப் பார்த்ததில், இன்னும் ரெண்டு அங்குலம் உள்ளே போனால் மனசே தெரிந்துவிடும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆகவே விடுமுறை நாட்களில் மனம் படிக்கும் நிகழ்ச்சி நடத்துவார். நீங்கள் ஒரு சீட்டின் நடுவில் ஒரு வார்த்தை எழுதி, மடித்துக் கொடுக்க வேண்டும். அவர் அதைச் சுக்குநூறாகக் கிழித்துத் தட்டில் போடுவார். கண்ணை மூடுவார். நெற்றியைத் தடவுவார். நீங்கள் எழுதிய வார்த்தையைச் சொல்வார்.

உண்மையில் வார்த்தை இருக்கும் நடுத்துண்டு மட்டும் தட்டில் விழாது. அது அவர் உள்ளங்கையில் இருக்கும். தியானம் செய்கிறவர் போலச் சுவர்ப் பக்கம் திரும்புகிறாரே, அப்போது படித்துக்கொள்வார். வித்தையில் பாதி அவர் விரலில். மறுபாதி சுவரில்.

அந்தச் சுவரைத்தான் சங்கச் செயலாளர் வாசலில் நின்றுகொண்டே பிடுங்கிவிட்டார்.

"மேடைப் பலகையைக் கரையான் அரிச்சுடுச்சு சார். ஆண்டுவிழாவுக்கு ஹால் நடுவுல நீங்க. சுத்தி அறுபத்து நாலு நாற்காலி. நாலு பக்கமும் ஜனம்."

"முதுகுப் பக்கமுமா?"

"நாலு பக்கம்னா அதுவும் சேத்திதானே? கஷ்டம்னா சொல்லிடுங்க. பாட்டுப் போட்டி வச்சுக்கறோம்."

"நாப்பது பக்கம் போடுங்க, நான் பண்றேன்!"

செயலாளர் போனதும் உள்ளே தையல் மெஷின் நின்றது. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில்தான் அவர் மனைவியின் தையல் கடை. வாடிக்கைக்காரர்கள் முப்பது பேர். குளிக்கப் போகிறவர் யாரானாலும் யாருடைய திரைச்சீலையையாவது தாண்டித்தான் போக வேண்டும். பின்னறை என்று ஒன்று இருக்கிறது. அதில் பதினோரு பெட்டிகளில் மனசுவின் சீட்டுக்கட்டுகள், அடியில் ரகசிய அறை வைத்த ரெட்டை அடிப்பெட்டிகள், ஒரு பக்கம் மட்டும் கூர்மையான கத்தரிக்கோல்கள், யாரும் தொடக் கூடாத ஒரு கறுப்புத் துணி.

"நாப்பது பக்கமா?" என்றாள் மனைவி. "ஏங்க, பொண்ணு பார்க்க வந்தப்பவே நீங்க சுவரோரமா பார்த்துத்தான் உட்கார்ந்தீங்க."

"கிண்டல் வேணாம். சுவர் இல்லாமலே பண்ணிக் காட்டறேன்."

"பண்ணிட்டா?"

"பின்னறையைக் கேட்டு இந்த ஜென்மத்துல நீ வாயைத் திறக்கக் கூடாது."

"முடியலேன்னா?"

"மெஷினை உள்ளே போட்டுக்கோ."

"யாரு உதவியும் இல்லாம?"

"யாரு உதவியும் எனக்கு எதுக்கு?"

அவள் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே, "சரி" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவ்வளவு சுருக்கமாகச் சரி சொன்னது அதுவே முதல் தடவை. மனசு படிக்கிறவருக்கு அங்கேயே ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ரெண்டு நாள் ஒத்திகை. சாப்பாட்டு மேஜை நாற்காலிகள் நாலையும் சுற்றிப் போட்டு, மூன்றில் தலையணைகளை உட்கார வைத்தார். நாலாவதில், முதுகுப் பக்கம், மனைவி. அவர் கிழித்தார். திரும்பினார். குனிந்தார்.

"இடது கைல" என்றாள்.

கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி.

"இப்பவும் இடது கைதான்."

தும்மினார். கைக்குட்டைக்குள் பார்த்தார்.

"தும்மறதுக்கு முன்னாடி யாராவது கைக்குட்டையை எடுத்து வச்சுக்குவாங்களா? உங்களுக்கு ஜலதோஷம் பிடிச்சா சட்டைக்கைதானே?"

"நீ பொண்டாட்டி. அதனால உனக்குத் தெரியுது. ஜனத்துக்குத் தெரியாது. தலையணை எதாவது சொல்லிச்சா பார்த்தியா?"

சனிக்கிழமை மாலை ஹால் நிரம்பியது. மனசு கறுப்புக் கோட்டில் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம். முகம் இல்லாத பக்கம் விட்டம் ஒன்றுதான். மனைவி மூன்றாவது வரிசையில் மடியில் ஒரு பாவாடையை வைத்து ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது ஒருத்தர்..." என்று தொடங்கினார். வாக்கியம் முடிவதற்குள் மருந்துக்கடைக்காரம்மா எழுந்து வந்துவிட்டார். எழுதினார். மடித்தார். மனசு கிழித்தார். நடுத்துண்டு உள்ளங்கையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. எல்லாம் சரி. இனி படிக்க வேண்டியதுதான்.

இடப்பக்கம் திரும்பினார். முதுகுப் பக்கமிருந்து செயலாளர் எட்டிப் பார்த்தார். வலப்பக்கம் திரும்பினார். செயலாளரும் தலையை வலப்பக்கம் சாய்த்தார். அவர் மூக்கில் இருந்தது புதுக் கண்ணாடி. போன வாரம்தான் மனசு தன் கையாலேயே அளவெடுத்து மாட்டிவிட்டார். ஒரு எறும்பு தப்ப முடியாத துல்லியம். தொழிலில் நேர்மையாக இருந்ததற்காக மனிதர் வாழ்க்கையில் முதல் முறையாக வருத்தப்பட்டார்.

பின்னறைக் கதவு கண்முன் சாத்திக்கொள்வது போல் இருந்தது. தோற்பதென்றாலும் தலை நிமிர்ந்து தோற்பது என்று முடிவு செய்து, வாயில் வந்ததை உரக்கச் சொன்னார்.

"கடல்!"

மருந்துக்கடைக்காரம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயையோ! அதேதான் சார்! எப்படி சார்?"

ஹால் அதிர்ந்தது. எல்லோரையும்விட அதிகமாக அதிர்ந்தவர் நடுவில் நின்றவர்தான்.

அடுத்து நூலகத்து அம்மா. ரெண்டு இலக்க எண். துண்டைப் பார்க்க இந்த முறை முயற்சிகூடச் செய்யவில்லை. "முப்பத்தேழு!" என்றார்.

"கரெக்ட் சார். எனக்கு உடம்பெல்லாம் என்னமோ பண்ணுது."

மூன்றாவது, கீழ்வீட்டு டீச்சர். அவருக்குச் சீட்டே வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார் மனசு. "சின்ன வயசுல ஒண்ணு தொலைச்சீங்க. இன்னும் மறக்கலை. குடை!"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போது மனசுவின் கால் தரையில் இல்லை.

"பார்த்தியா? சுவர் இல்ல. துண்டு இல்ல. உதவி இல்ல. இத்தனை வருஷமா எனக்குள்ள நெஜமாவே இருந்திருக்கு, நான்தான் வித்தை வித்தைன்னு அதை மூடி வச்சிருக்கேன். ரூம் யாருது?"

"உங்களுதுதான். யாரு இல்லேன்னா?" என்றாள். கதவைத் திறந்துகொண்டே, "ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா?"

"கேளு."

"இவ்வளவு சக்தி உள்ள மனுஷனுக்கு ரெட்டை அடிப்பெட்டி எதுக்கு? நாளைக்கே உங்களைத் தேடி நாலு பேர் வருவாங்க. அந்தக் கத்தரிக்கோலையும் கறுப்புத் துணியையும் பார்த்தா, சே, இவ்வளவுதானான்னு நினைச்சுட மாட்டாங்க?"

மனசு நின்றார். நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு பெட்டிகளையும் தானே சுமந்து கீழே இறக்கினார். பழைய சாமான் வண்டிக்காரர், "இதெல்லாம் வேணாமா சார்?" என்று கேட்டார். "இதெல்லாம் சக்தி இல்லாதவனுக்குய்யா" என்றார். மாலையில் அறை சும்மா கிடந்தது. ஒரு ஓரமாக மெஷினைப் போட்டுக்கொள்ளட்டுமா என்றாள். "ஓரமா போட்டுக்கோ. ஆனா ரூம் என்னுது. அது ஞாபகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மெஷினின் கனமான பக்கத்தைத் தானே பிடித்தார்.

திங்கட்கிழமை கடைக்கு நூலகத்து அம்மா கண் காட்ட வந்தார். இருட்டறையில் அவர் முகத்தில் லென்ஸ் வளையத்தைப் பொருத்தினார் மனசு.

"எது தெளிவு, முதலாவதா ரெண்டாவதா? நீங்க சொல்ல வேணாம், நானே சொல்றேன். ரெண்டாவது."

"இல்ல சார், முதலாவது."

"இப்போ? ரெண்டாவது."

"முதலாவதுதான் சார்."

"நல்லா பாருங்கம்மா. சனிக்கிழமை உங்க மனசு பளிச்சுனு தெரிஞ்சுதே?"

அந்த அம்மா லென்ஸ் வளையத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு நான் எழுதினது எழுபத்தொண்ணு. எது சொன்னாலும் ஆமான்னு தலையாட்டுங்கன்னு உங்க வீட்டு அக்காதான் சொல்லியிருந்தாங்க. எங்க மூணு பேரு கிட்டயும். அங்க தலையாட்டினா போச்சு. இங்க தலையாட்டினா கண்ணாடி தப்பாயிடுமே சார்."

மனசு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். பின்னறையில் மெஷின் ஓரத்தில் இல்லை. ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், நட்டநடுவில் இருந்தது. சுற்றிலும் துணி அடுக்குகள்.

"எழுபத்தொண்ணு!" என்று கத்தினார்.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "தெரிஞ்சுடுச்சா?"

"என்னைத் தோக்க விட்டிருந்தாலே ரூம் உனக்கு வந்திருக்குமே! எதுக்கு ஜெயிக்க வச்சே?"

"உங்களைத் தெரியாதா எனக்கு? தோத்திருந்தா லைட்டு சரியில்ல, நாற்காலி சரியில்ல, செயலாளர் தலை சரியில்லன்னு இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருப்பீங்க. பெட்டி பதினொண்ணு இருபதாகியிருக்கும். ஜெயிச்சதாலதான் ஒரே நாள்ல காலி பண்ணீங்க."

"அப்படின்னா பந்தயம் செல்லாது! நீ உதவி பண்ணியிருக்கே!"

"அதானே பேச்சு? உதவி இல்லாம பண்ணாத்தானே ரூம் உங்களுக்கு."

மனசு ஒரு துணி அடுக்கைச் சுற்றிக்கொண்டு மெஷின் பக்கம் வந்தார்.

"விடமாட்டேன். சங்கத்தைக் கூட்டி நியாயம் கேப்பேன்!"

"தாராளமா கேளுங்க. கடல், முப்பத்தேழு, குடை எல்லாம் எப்படி வந்துதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கோ. மூணு பேர் மனசுலயும் 'ஆமா'ன்னு இருந்தது உண்மைதானே? அதை நான் படிச்சேனா இல்லையா? நான் தோக்கலை. தோக்கவே இல்லை. யாரு கேட்டாலும் இதையேதான் சொல்வேன்!"

"சொல்லுங்க" என்றாள். "சொல்லிக்கிட்டே அந்த நூல்கண்டை எடுங்க."

மே மாதம் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பின்னறைக் கதவில் 'தையலகம்: உள்ளே வர அனுமதி கேட்கவும்' என்ற பலகை மாட்டப்பட்டது. ஸ்டூலில் ஏறி ஆணி அடித்தவர் மனசு.