சிவப்பே இல்லாத வீரன்

"வீரனோட மேலங்கி இன்னும் சிவப்பாத்தான் இருக்கு," என்றார் இயக்குநர்.

படத்துக்கு நிறம் சரிசெய்யும் கலரிஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஓவியர் வந்துவிடுவார். நாற்பது வருடத்துக்கு முன் இந்தக் காமிக்ஸ் வீரனை வரைந்தவர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் படம் வெளிவராது. ஏற்கெனவே இரண்டு கலரிஸ்டுகள் வீட்டுக்குப் போயாயிற்று. ஒருவர் பழைய பாணியில் எல்லாவற்றையும் மிட்டாய் நிறமாக்கினார். அடுத்தவர், பிறகு வந்த மோஸ்தர்படி, ஒரேயடியாக இருட்டாக்கினார். இரண்டுக்கும் ஓவியர் உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப புத்தகம் எப்படியோ, படமும் அப்படியே. அதான் மோஸ்தர்," என்று இயக்குநர் காமிக்ஸை நீட்டினார். வெளிவந்தது அந்த ஒரே இதழ்தான். அதில் மேலங்கி சேற்றுப் பச்சை.

அவள் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். அச்சில் எல்லா நிறமும் பொடிப் பொடிப் புள்ளிகளின் கலவைதான். மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது, கறுப்பும் இருந்தது.

"சார், ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்ல!"

இயக்குநர் எழுந்தே விட்டார். "மேதைம்மா அந்த மனுஷன்! ரத்தமே சுண்டிப்போன உலகம்! சிவப்பை எடு!"

"மேலங்கியில மட்டுமா?"

"படம் பூரா!"

எடுத்தாள். மேலங்கி அச்சு அசலாகப் பொருந்தியது. ஆனால் முகத்துச் சிவப்பும் கூடவே போனதில் வீரனுக்கு மஞ்சள் காமாலை.

"நீலம் சேரு."

மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் பச்சை. காதலியை முத்தமிடும் காட்சியில் இரண்டு தவளைகள் தெரிந்தன.

"புத்தகத்துல மாதிரி புள்ளி தூவு, மறைஞ்சிடும்."

தூவினாள். தவளைகளுக்கு அம்மை போட்டது.

"சார், எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கு அதைவிட. வெளிய சொல்லிடாத."

ஓவியர் மனைவியோடு வந்து உட்கார்ந்தார். படம் ஓடியது. அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார், தாடை துடித்தது. பின்னால் கலரிஸ்ட் மூச்சுவிடவும் பயந்து நின்றாள். பாதிப் படத்தில் அவர் எழுந்தார். கதவு அதிர வெளியேறினார்.

கலரிஸ்ட் அவர் மனைவியிடம் ஓடினாள். "அம்மா, புத்தகத்துல உள்ளதை அப்படியே பண்ணினேனே. என்ன தப்பு?"

ஓவியரின் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்த இதழ் அடிக்கிறப்போ சிவப்பு மை தீர்ந்துபோச்சும்மா. அச்சகம் எங்க அண்ணனோடது. அன்னையிலிருந்து மச்சானுக்கும் மச்சானுக்கும் பேச்சே கிடையாது."