சும்மா நின்ற ராணி

காரைக்கால் மாவட்டத்தில் சூரியன் கிழக்கே உதிப்பதைக்கூட நேரில் போய்ச் சரிபார்த்த பிறகே ஒப்புக்கொண்ட மனிதர் ஒருவர்தான். அதற்காகவே ஒரு விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு காரைக்கால்மேட்டுக் கடற்கரைக்குப் போனார். திரும்பி வந்து, "இன்னிக்கு ஒழுங்காத்தான் வந்துச்சு. நாளைக்கு எப்புடின்னு சொல்ல முடியாது" என்றார்.

அவருக்கு மீட்டர் சார் என்று பெயர். வீட்டில் வைத்த பெயரை யாரும் பயன்படுத்திக் கேட்டதில்லை. மின்துறையில் வேலை. பூவத்திலிருந்து கோட்டுச்சேரிமேடு வரை, கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுப்பவர்களைப் பிடிப்பார். போன வீட்டில் காபி கொடுத்தால் ஏன் கொடுக்கிறார்கள் என்று யோசிப்பார். கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று யோசிப்பார்.

மாலையில் கோட்டுச்சேரியில் எங்கள் மன்றத்துக்குச் சதுரங்கம் ஆட வருவார். ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தரும் ரேபிட் ஆட்டம். வந்த புதிதில் எல்லோரிடமும் தோற்றார். லலிதா டீச்சரிடம் மட்டும் கூடுதல் வேகத்தில் தோற்றார். பள்ளியில் வேதியியல் நடத்தும் லலிதா டீச்சர், விடைத்தாள் திருத்துவதுபோல் காய்களை வெட்டுவார்.

"தோத்துட்டீங்க சார்" என்றார் டீச்சர் ஒருநாள்.

"தோக்கலைங்க. புடுங்கிட்டுப் போயிட்டீங்க."

"ஆடித்தானே சார் ஜெயிச்சேன்?"

"எல்லாரும் அப்புடித்தான் சொல்லுவாங்க. எந்த வழியா எடுத்தீங்கன்னு பாக்கணும்."

பார்த்தார். நாங்கள் தோற்றால் அந்த ஆத்திரத்திலேயே அடுத்த ஆட்டத்துக்குக் காய்களை அடுக்குவோம். அவர் எழுந்து வெளியே போய், பைக் டேங்கின்மேல் காந்தச் சதுரங்கப் பலகையை ஒட்டவைத்து, ஆடிய ஆட்டத்தை முதலிலிருந்து நடத்திப் பார்ப்பார். அவர் தேடியது தன் தவறை அல்ல, எதிராளியின் களவை. இடையில் ஏதாவது மறந்துவிட்டால் எதிராளியையே கூப்பிட்டு விசாரிப்பார். ஒருமுறை, பத்திரிகை நிருபரான நான் மாட்டிக்கொண்டேன்.

"நிருபரே, இங்க வாங்க. இந்தக் குதிரை எப்புடி உள்ள வந்துச்சு?"

"நீங்க சிப்பாயத் தள்ளுனீங்க சார். வழி கெடைச்சுது, வந்துட்டேன்."

"நான் எதுக்குத் தள்ளுனேன்?"

"எனக்கு எப்புடி சார் தெரியும்?"

"தெரியாம எப்புடி வந்தீங்க?"

நாள்தோறும் காலையில், பூவம் டீக்கடையில் போனில் ஓர் ஆட்டம் ஆடுவார். ஒன்றே ஒன்று. மறுநாள் வரை அதைக் கிளறிக்கொண்டிருப்பார். எங்கே பிசகியது என்று போனே காட்டும். ஆனால் தானாகத் தேடி ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை அந்தப் பக்கத்தை அவர் திறக்கமாட்டார். "அது யாரு பக்கத்து ஆளுன்னு தெரியாம அது பேச்சக் கேக்கச் சொல்றீங்களா?" என்பார். தேடி முடித்த பிறகு போனின் பதிலைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனால், போன் தன்னைப் பார்த்து எழுதியிருக்கிறது என்று நினைப்பார்.

தவறு தன்னுடையது என்று கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் களவு போன வழியை அடைத்துவிடுவார். ஒரே கதவு இரண்டாம் முறை திறந்திருந்ததை நான் கண்டதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் மன்றச் செயலாளரை வென்றார். பிறகு என்னை வென்றார். வென்றதும் என்னை ஓரமாக அழைத்து, "ஏன் விட்டுக்குடுத்தீங்க?" என்று கேட்டார்.

சிக்கல் இங்கே தொடங்கியது. காரைக்காலில் நடக்கவிருந்த போட்டிக்கு மன்றத்திலிருந்து நால்வர் போக வேண்டும். மூவர் தேர்வாகிவிட்டார்கள். நான்காம் இடத்துக்கு மீட்டர் சாரும் லலிதா டீச்சரும் மோத வேண்டும் என்று முடிவானது. அப்போதுதான் செயலாளருக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஆட்டத்தின் நடுவில், எதிராளி யோசிக்கும்போது, மீட்டர் சார் எழுந்து மன்றத்து மீட்டர் பெட்டி வரை போய்விட்டு வருவார். வந்ததும் காயைச் சரியான இடத்துக்கு நகர்த்துவார்.

"பெட்டிக்குப் பின்னாடி போன் வெச்சிருக்காரு" என்றார் செயலாளர். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். எதையும் ஆணியடித்ததுபோல் சொல்வார்.

பெட்டியைத் திறந்தும் பின்னால் துழாவியும் பார்த்தோம். பல்லி மட்டும் இருந்தது. அதற்குள் செய்தி கடைத்தெரு வரை போய்விட்டது. மீட்டர் சாரை நேரிலேயே கேட்டோம்.

"எதுக்கு சார் அங்க போறீங்க?"

"அந்த மீட்டர் லைட்டு சிமிட்டுறது சரியில்ல. ரொம்ப நாளாவே ஒரு கண்ணு வெச்சிருக்கேன்."

"அதப் பெறகு பேசிக்கலாம்" என்றார் செயலாளர் சற்று வேகமாக.

தீர்மானம் ஆயிற்று. நன்றாகச் சோதனை போட்டுவிட்டு ஆடவைப்பது. வென்றால் திறமை அவருடையது, போட்டிக்குப் போகலாம். தோற்றால் இதுவரை வென்றதெல்லாம் போனின் வேலை, பெயரை மன்றத்திலிருந்து எடுத்துவிடுவது. மீட்டர் சார் மறுக்கவில்லை. வெளியே என்னிடம் மட்டும், "மன்றம் போனா போவட்டும் நிருபரே. நாளைக்கு நான் ஒரு வீட்டுல ஏறி கொக்கிய எடுன்னு சொன்னா, நீ மொதல்ல உன் போன எடுய்யான்னுல்ல சொல்லுவான்?" என்றார். அவர் குரல் இறங்கிக் கேட்டது எனக்கு அதுவே முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை நடந்தது. செயலாளர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, ஒக்காருங்க" என்றார்.

மீட்டர் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுதான் சோதனையா? செருப்ப யாரு பாக்குறது? காதுல ஏதாவது மாட்டியிருந்தேன்னா? சன்னல மூடுங்க. கண்ணாடியக் கழட்டச் சொல்லுங்க. இப்புடிப் பாத்தா ஊரே கொக்கி போடும்!"

தன்னைச் சோதிக்கச் சொல்லி அவரே உத்தரவு போட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, துடைக்கவைத்துத் திருப்பி வாங்கிக்கொண்டார். டீச்சர் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. அவர் அருமையாக ஆடினார். எல்லாக் கதவும் பூட்டியிருந்தது. டீச்சர் பாதி ஆட்டத்திலேயே தடுமாறி, ராணியைக் கொண்டுபோய் அவருடைய குதிரையின் வாயில் வைத்தார். காவலுக்கு ஒரு சிப்பாய்கூட இல்லை. வைத்த கணமே அது தெரிந்து, டீச்சர் முகத்தைக் காட்டாமல் மின்விசிறியைப் பார்த்தார்.

மீட்டர் சார் கையை நீட்டினார். பிறகு இழுத்துக்கொண்டார்.

ராணியைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் பார்ப்பதால் மின்விசிறியையும் பார்த்தார். "சும்மா ஒருத்தரு ராணியக் குடுப்பாங்களா?" என்று முனகினார். மூலைமூலையாகத் துழாவினார். கண்ணி எதுவும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் கூடியது. அவருடைய கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. செயலாளர் மட்டும் இரண்டு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கடிகாரம் கீச்சிட்டது. நேரம் தீர்ந்துவிட்டது. மீட்டர் சார் தோற்றுப்போனார்.

அவர் எழுந்து, ஒரு குற்றவாளியைப் போல் செருப்பைத் தேடினார். அப்போது செயலாளர்தான் கத்தினார்.

"ஒக்காருங்க சார்! எந்த போனக் கேட்டாலும் ராணிய எடுன்னுதான் சொல்லும். பச்சப்புள்ளையக் கேட்டாலும் அதையேதான் சொல்லும். அத எடுக்காம ஒக்காந்திருக்க ஒங்க ஒருத்தராலதான் முடியும். இத்தன நாளும் நீங்களேதான் ஆடியிருக்கீங்க!"

மன்றமே சிரித்தது. பெயர் பிழைத்தது. நான்காம் இடம் டீச்சருக்குப் போனது. மீட்டர் சார் மட்டும் சிரிக்கவில்லை. நேரே டீச்சரிடம் போனார்.

"டீச்சர், என்னைக் காப்பாத்தணும்னு ராணிய வெச்சீங்களா?"

"ஐயோ சார், அந்த எடத்துக்கு எவ்ளோ நாளா ஆசப்பட்டுட்டு இருக்கேன். ஒங்களுக்காக ராணியக் குடுப்பனா? கண்ணு தப்பிப்போச்சு, அவ்ளோதான்."

அவர் டீச்சரின் முகத்தை ஒரு மீட்டரைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "சரிங்க டீச்சர்" என்றார். ஆதாரம் கேட்காமல் அவர் ஒரு பதிலை ஏற்றுக்கொண்டதை அன்றுதான் கண்டேன்.

போன ஆண்டு அவரை, புதுச்சேரியின் கேரளக் கரைப் பகுதியான மாஹேக்கு மாற்றிவிட்டார்கள். யாரோ செய்த வேலை என்று உறுதியாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். நான் இன்றும் மன்றத்தில் ஆடுகிறேன், தோற்கவும் செய்கிறேன். தோற்றால், என் ஆட்டம் சரியில்லை என்று எல்லோரும் உடனே நம்பிவிடுகிறார்கள். இல்லை, யாரோ என்னை ஏமாற்றியிருக்க வேண்டும் என்று எனக்காகச் சந்தேகப்பட, இங்கே இப்போது ஆள் இல்லை.