வெள்ளிக்கிழமை இறால்

திரை முழுக்க ஒரே நீலம். கோடும் இல்லை, மேடு பள்ளமும் இல்லை.

"இன்னாமா இது? சொட்டு நீலம் கவுந்துகிச்சா?" என்றார் மீனவர் சங்கச் செயலாளர் லோகநாதன்.

ஜமுனா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு அதிகாரி வேதாசலம் வருகிறார். ஊர்ப் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கும் ஏரியில் இறாலே இல்லை என்று எவனோ எழுதிக் கொடுத்துவிட்டான். இறால் இருப்பதைக் காட்டாவிட்டால் அங்கே உல்லாசப் படகுத்துறை வரும். அப்புறம் பெண்கள் கால் வைக்க முடியாது.

பொன்னேரிக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஜமுனா, ஏரியில் கம்பம் நட்டு, தண்ணீருக்குள் மைக் கட்டி ஒரு மாதச் சத்தத்தைப் பதிந்திருந்தாள். இறால் இரை கடித்தாலும் வால் அடித்தாலும் 'டிக்' என்று கேட்கும். அத்தனை டிக்கும் இப்போது லேப்டாப்பில் நீலமாக அப்பிக் கிடந்தது.

"புள்ளிங்க கோடிக்கணக்குல கீது மாமா. திரையில எடம் ஆயிரம்தான். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு கீது."

"பஸ்ஸு மாறி. கொஞ்சம் பேர எறக்கி வுடு."

ஆயிரத்துக்கு ஒரு புள்ளியை மட்டும் வைத்தாள். நீலம் போய், பெரிய அலை ஒன்று அழகாக நெளிந்தது.

"ஆங்! சூப்பரு!"

"பொய் அலை மாமா. படகு மோட்டார் எரைச்சல விட்டு விட்டு எடுத்தா இப்பிடிதான் காட்டும். டிக்கெல்லாம் விட்ட எடத்துல பூடுச்சு."

"பொய்னு அந்தாளுக்கு இன்னா தெரியும்?"

"தெரியும். படிச்சவரு."

சராசரி எடுத்துப் பார்த்தாள். மேலே போனதும் கீழே போனதும் கழிந்து, தட்டையாக ஒரே கோடு.

"ஆஸ்பத்திரில இந்தக் கோடு வந்தா, வெளிய சங்கு ஊதுவானுங்க."

மணி பத்தே முக்கால். ஜமுனாவின் அத்தை குப்பம்மாள் ஈரப்புடவையோடு வந்தாள். கையில் பறி: இரண்டு கையும் சேற்றைத் தடவும்போது பல்லில் கவ்விக்கொள்ளும் ஓலைக்கூடை. இறாலைக் கொட்டிப் பொடிசை ஒதுக்கினாள். பெருசைத் தனியே எடுத்தாள்.

ஜமுனா நிமிர்ந்தாள். இரைச்சல் பொடிசு. டிக் பெருசு!

பொடிசைத் தள்ளிவிட்டு, பத்து நிமிடத்துக்கு எத்தனை பெரிய டிக் என்று லேப்டாப்பை எண்ணச் சொன்னாள். திரையில் தூண் தூணாக எழுந்தது. எல்லாம் காலை ஆறிலிருந்து பத்து வரை.

"அத்தே! இறாலு!"

"அதான் கொட்டி வெச்சிருக்கேனே, கண்ணு தெரியலயா?"

வேதாசலம் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "டைம் தவறாம வருதே! ஆமா, வெள்ளிக்கிழமை மட்டும் ஒண்ணுகூட இல்லையே, ஏம்மா?"

ஜமுனா திரையை முன்னும் பின்னும் உருட்டினாள்.

"எங்க ஊரு இறாலு சார், வெள்ளிக்கிழம விரதம்," என்றார் லோகநாதன்.

வேதாசலம் குலுங்கிச் சிரித்தார். 'இறால் உண்டு, படகுத்துறை கூடாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜீப் கிளம்பியதும் வாசலில் நின்ற பெண்கள் போட்ட குலவை அக்கரைக்குக் கேட்டிருக்கும். லோகநாதன் துண்டைச் சுழற்றி ஆடினார்.

ஜமுனா மட்டும் திரையை விட்டு நகரவில்லை. "வெள்ளிக்கிழம இன்னா கோளாறுன்னே தெரில அத்தே."

குப்பம்மாள் பறியை உதறினாள்.

"கோளாறு இன்னாடி? நெறஞ்ச பறில இறாலு சாவாம இருக்க, உன் கம்பத்துலதான் தெனம் தண்ணிக்குள்ள கட்டி வெக்கிறேன். வெள்ளிக்கிழம நான் ஏரில எறங்க மாட்டேன்ல?"