கண்ணுக்குத் தெரிகிற நோவு

இனிமேல் என் காலைப் பெரட்டில் ஓர் ஆள்கூடக் குறையக் கூடாது என்று மீசைமேல் கைவைத்துச் சபதம் எடுத்தேன்.

சாதாரண மீசை இல்லை. மலாயாவில் லாபுப் பக்கம் எத்தனையோ தோட்டங்கள் உண்டு, வேலையாட்களை மேய்க்கிற எத்தனையோ மண்டோர்கள் உண்டு. ஆனால் மீசை முதலில் வந்து ஆள் பின்னால் வருகிற மண்டோர் நான் ஒருத்தன்தான். சன்னாசி மண்டோர் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. மீசை மண்டோர் என்று கேட்டால் மந்தின் பசாரில் மீன் விற்கிறவன்கூட வழி சொல்லுவான்.

சபதத்தைக் கேட்டது என் சம்சாரம் பஞ்சாலை மட்டும்தான். மரவள்ளிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை.

"மீசைமேல வேணாங்க. வேற எதுமேலயாச்சும் கைய வைங்க," என்றாள்.

"ஏன்?"

"உங்ககிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்."

இப்படிப்பட்ட வீட்டில்தான் நான் மண்டோராக இருந்தேன்.

எனக்கு ஏன் அப்படி ஒரு சபதம் வந்தது என்று சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் ஆட்சி அது. வெள்ளைக்காரத் துரை இருந்த பங்களாவில் ஜப்பான் துரை குடியேறினான். ரப்பர் பால் சீவுகிற கித்தா மரத்தில் பாதியை வெட்டித் தள்ளிவிட்டு மரவள்ளி நடச் சொன்னான். நட்டோம். அதையே அவித்துத் தின்றோம், சுட்டுத் தின்றோம், ஒன்றும் செய்ய முடியாதபோது திட்டிக்கொண்டே தின்றோம். சோறு என்பது பேச்சில் மட்டும் வரும். விடியற்காலையில் தண்டவாளத் துண்டைத் தட்டியதும் ஆபீசுக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும், கணக்கெழுதுகிற கிராணி ஆள் எண்ணுவார். அதுதான் பெரட்டு. எண்ணுவதற்கு ஆள் வர வேண்டுமே. கிராணி அமலதாஸ் எண்ண ஆரம்பித்து, மூச்சு விடுவதற்குள் முடித்துவிடுவார்.

துரை என்னைக் கூப்பிட்டான். அவன் கத்தியதைத் துபாசி அரை மலாயிலும் கால் தமிழிலும் எனக்குச் சொன்னான். வருகிற திங்கட்கிழமை சிரம்பானிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். பெரட்டில் எல்லோரும் நிற்க வேண்டும். நின்றால் ஒரு மூட்டை அரிசி. குறைந்தால் மண்டோர் சயாமுக்குப் போய் ரயில் பாதை போட வேண்டியதுதான்.

சயாமுக்குப் போனவர்கள் லாரியில் ஏறியதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். இறங்கி வந்து கதை சொன்னவர் ஒருத்தர்கூடக் கிடையாது. பக்கத்துத் தோட்டத்தில் வரிசை வீடுகள் கொண்ட ஒரு லயமே அப்படிக் காலியாகிக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பஞ்சாலையிடம் சொன்னேன். அரிசி மூட்டையைச் சொன்னபோது அவள் கத்தி கொஞ்சம் நின்றது. அப்புறம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாளே வேலையில் இறங்கினேன். ஆள் ஏன் வருவதில்லை என்று தெரிந்தால்தானே வரவைக்க முடியும். லயத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். சில பேர் உப்புக் காய்ச்ச சி ரூசா கடலோரத்துக்குப் போயிருந்தார்கள். உப்பில்லாமல் மரவள்ளியை எப்படித் தின்பது என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னைக் கேட்டார்கள். அடுத்த வீட்டு ராக்கம்மாவுக்கும் அவள் நாத்தனாருக்கும் சேர்த்து ஒரே ஒரு முழுச் சேலை. ஒருத்தி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தால் இன்னொருத்தி கோணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பாள். திங்கட்கிழமை இரண்டு பேரும் வர வேண்டும் என்று உத்தரவு போட்டேன். வருகிறோம், உங்கள் வேட்டியைக் கொடுங்கள் என்றாள் ராக்கம்மா. அந்த உத்தரவை அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

மற்ற எல்லாருக்கும் காய்ச்சல். கொயினா மாத்திரை கண்ணில் படாத காலம், நிஜமாகவே காய்ச்சலில் கிடந்தவர்களும் உண்டு. ஆனால் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே பேச்சு வந்தது. "குளுரு வந்துச்சு மண்டோரு, நெத்தி சுட்டுச்சு, கால்ல சீவனே இல்ல." முதல் வீட்டில் அதேதான், கடைசி வீட்டிலும் அதேதான். ஒரு சொல் முன்னே பின்னே மாறவில்லை. இதற்குப் பின்னால் யாரோ ஒரு மூளை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து பஞ்சாலையிடம் சொன்னேன்.

"எவனோ ஒருத்தன் எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறான். அவனப் பிடிக்காம விட மாட்டேன்."

"பிடிங்க," என்றாள். "ஆனா மொதல்ல தண்ணி எடுத்துட்டு வந்துடுங்க."

தண்ணீர் எடுத்து வைத்துவிட்டுத் திட்டம் போட்டேன். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தொட்ட நெற்றி எல்லாம் நெருப்பாகக் கொதித்தது. எல்லோரும் அடுப்பில் நெற்றியைக் காட்டிவிட்டு வந்து படுத்திருக்கிறார்கள். ஒருத்தன் புருவமே கருகியிருந்தது. அடுத்து, பெரட்டுக்கு வந்தால் மரவள்ளிக் கஞ்சி என்று சொன்னேன். நன்றாகத்தான் வந்தார்கள். குடித்தார்கள். கை கழுவப் போனவர்கள் திரும்பவில்லை.

கடைசியில்தான் அந்த உத்தரவு தோன்றியது. இப்போது நினைத்தாலும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. கண்ணுக்குத் தெரிகிற நோவுதான் நோவு. நெற்றி சுடுவது, வயிற்றைப் பிசைவது, தலை சுற்றுவது எதுவும் இனிமேல் செல்லாது. என் கண்ணால் பார்க்க வேண்டும். லயம் முழுவதும் நடந்து உரக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், பஞ்சாலை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்குத் தெரிஞ்சா வீட்டுல இருக்கலாங்களா?"

"தாராளமா."

"யாரா இருந்தாலும்?"

"நானாவே இருந்தாலும்."

அவள் சிரித்தாள். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சிரிப்பைத் தெரியும். தெரிந்தும் ஏமாந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் காக்கிச் சட்டையைக் கேட்காமலே துவைத்துப் போட்டாள். பெரிய அதிகாரி முன்னால் புருஷன் கசங்கிப்போய் நிற்கக் கூடாதாம். மனசு நெகிழ்ந்துபோனேன். திங்கட்கிழமை இருட்டோடு எழுந்தேன், மிச்சமிருந்த கடைசிச் சொட்டு எண்ணெயை மீசைக்குப் போட்டேன், சட்டையை மாட்டினேன். படியில் கால் வைக்கவில்லை, முதுகு எரிய ஆரம்பித்தது. அப்புறம் அக்குள், அப்புறம் கழுத்து. ஆயிரம் ஊசி சேர்ந்து குத்துகிற அரிப்பு. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரில் முதுகைத் தேய்த்தேன். பஞ்சாலை விளக்கைக் கொண்டுவந்து பார்த்தாள். பார்த்ததும் விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்துட்டா."

"எந்த ஆத்தா?"

"மாரியாத்தாதான். முதுகு பூரா முத்து போட்டிருக்கா."

"இது ஏதோ பூச்சி கடிடீ."

"ஆத்தாளயா பூச்சின்னு சொல்றீங்க? கன்னத்துல போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டேன். அம்மை விஷயத்தில் விளையாட முடியுமா? அவள் உடனே வாசலில் வேப்பிலை செருகினாள். என்னை வேப்பிலைமேல் படுக்கவைத்து உடம்பெல்லாம் மஞ்சள் பூசினாள். இனிமேல் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் நான் வாசல் தாண்டக் கூடாது, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது, வீட்டில் தாளிக்கக் கூடாது. தாளிக்க எண்ணெய் இல்லாத காலத்தில் அந்தக் கடைசி விதி மட்டும் எனக்குக் கஷ்டமாக இல்லை.

"நான் பெரட்டுக்குப் போகணும் பஞ்சாலை. போகலைன்னா சயாம்தான்," என்று கெஞ்சினேன்.

"நீங்க போட்ட உத்தரவுதானே? கண்ணுக்குத் தெரியுதில்ல?"

வெளியே தண்டவாளத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. காது கொடுத்துக் கேட்டேன். லயத்தில் ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை. ஒருத்தரும் போகவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று என்று வாய்விட்டு அழுதேன். முதுகைச் சொறிந்துகொண்டே அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. ஒன்று இல்லை, ஒன்றன் பின்னால் ஒன்றாக வரிசையாக வந்து நின்றன. பெரிய அதிகாரி இறங்கினார், கூடத் துப்பாக்கிக்காரர்கள் இறங்கினார்கள். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர்கள் லயத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். அப்போதுதான் நானும் எதிர் லயத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலை. வேதக்காரரான அமலதாஸ் கிராணி வீட்டிலும், கதவில் இருந்த சிலுவைக்குப் பக்கத்திலேயே ஒரு கொத்து.

மண்டோர் எங்கே என்று துபாசி தூரத்தில் இருந்தே கத்தினான். பஞ்சாலை என்னைத் தூக்கி, இடுப்பில் துண்டோடு படியில் கொண்டுபோய் நிறுத்தினாள். மஞ்சளும் கண்ணீரும் சேர்ந்து வழிந்தன. உடம்பு நடுங்கியது. அது நடிப்பில்லை, சத்தியமாகப் பயம்.

"சாச்சார், துவான். சாச்சார் பெசார்," என்றாள் பஞ்சாலை. பெரியம்மை என்று அர்த்தம்.

அதிகாரி நம்பாமல் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். ஜப்பான்காரனைப் பார்த்தால் குனிந்து வணங்க வேண்டும், இல்லாவிட்டால் அறை விழும். அந்தப் பழக்கத்தில் இடுப்பை மடித்து நன்றாகக் குனிந்தேன். என் முதுகு முழுவதும் அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றது.

நான் நிமிர்வதற்குள் அவர் மூக்கில் கைக்குட்டையோடு லாரிக்குள் இருந்தார். இந்தத் தோட்டத்து ஆள் ஒருத்தரையும் தொடாதே என்று அவர் கத்தியதைத் துபாசி ஓடிக்கொண்டே சொன்னது மட்டும் கேட்டது. லாரிகள் திரும்பி, வந்ததைவிட வேகமாகத் தார்ச் சடக்கில் ஏறிப் போயின. கடைசி லாரியில் என் அரிசி மூட்டை குலுங்கிக்கொண்டே போனது.

"அரிசி போச்சே," என்றேன்.

பஞ்சாலை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"அது உங்களுக்கில்லீங்க. லாரியில ஏத்திட்டுப் போற ஆளுங்களுக்கு வழிச்சோறு. பெரட்டுல நிக்கற அத்தன பேரையும் அப்படியே சயாமுக்கு அள்ளிட்டுப் போறதாத் துபாசி மலாயில சொல்லிட்டிருந்தத, பங்களாவுல சமைக்கற லெட்சுமி கேட்டுட்டு வந்து சொன்னா."

ஓர் ஆள்கூடக் குறையாமல் கொண்டுபோய் நிறுத்த நான் அலைந்திருக்கிறேன். முதல் வரிசையில் நானே நின்றிருப்பேன், மீசைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு. அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உயிர் திரும்பி உடம்புக்குள் வந்தது மாதிரி இருந்தது. பிறகு அரிப்பு ஞாபகம் வந்தது.

"அப்ப என் முதுகு?"

"சட்டைய முருங்கமரத்துல காய வச்சேன். கம்பளிப்பூச்சி இருக்கற கெளையாப் பார்த்து."

"அடிப்பாவி. முன்னாடியே சொல்லியிருந்தா நானே நடிச்சிருப்பேனே."

"உங்களுக்குப் பொய் வராதுங்க. பொய் சொன்னா மீசை ஆடும். லயத்துல எல்லாருக்கும் தெரியும்."

மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் பின்வாசல் பக்கம் ராக்கம்மாவின் குரல் கேட்டது. நான் முன்வாசலில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

"அக்கா, நாளைக்கு என்னா நோவுக்கா? பழைய குளுருதானா?"

நான் தேடிக்கொண்டிருந்த மூளை, எழுந்து முந்தானையை உதறிவிட்டு உள்ளே போனது.

துரை அன்றைக்குச் சாத்திய பங்களாக் கதவை வெகுநாள் திறக்கவில்லை. லாரியும் அப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை. கோயில் வேப்பமரத்தில் பேருக்குக்கூட ஓர் இலை இல்லை. அந்த மரத்தடியில்தான் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றி முடித்ததும் எழுந்தேன். பஞ்சாலை என் தோளைப் பிடித்து மறுபடியும் உட்காரவைத்தாள். எதிரே நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இது எதுக்கு?"

"லாரி வெறுமனே திரும்பிப் போனா உங்களுக்கு முடி எடுக்கறதா வேண்டிக்கிட்டேங்க."

"தலையை எடுத்துக்கச் சொல்லு."

"மீசையும் சேத்துத்தான் வேண்டிக்கிட்டேன். அதுமேல கைய வச்சு நீங்க ஏதேதோ சொல்லிட்டீங்க. ஆத்தாளுக்குக் குடுத்துட்டா அந்தச் சொல்லும் அதோட போயிடும்."

லயம் முழுக்க உயிரோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் பெரட்டுக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். பயம் விட்ட முகங்கள். சி ரூசாவுக்குப் போனவர்கள் திரும்பியிருந்தார்கள். ராக்கம்மாவும் வந்திருந்தாள், அவள் நாத்தனாரும் வந்திருந்தாள். நாத்தனார் சுற்றியிருந்தது என் வேட்டி. பஞ்சாலை எப்போது கொடுத்தாள் என்று நான் கேட்கப்போவதில்லை. வரிசையில் ஒரு சந்துகூட இல்லை. என் சபதம் நிறைவேறிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்தி, பழக்க தோஷத்தில் மேலுதட்டைத் தடவிக்கொண்டு நின்றேன்.

அமலதாஸ் கிராணி கடைசி வரைக்கும் எண்ணி முடித்தார், என்னை நேருக்கு நேர் ஏற இறங்கப் பார்த்தார், பிறகு உரக்கச் சொன்னார்: "ஆள் எல்லாம் வந்தாச்சு, மண்டோரு மட்டும் வரல."