ஒருவரும் மூழ்காத ரயில்

தாழக்குளத்தில் ஒரு ரயில் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில், ஊர் சாப்பிட்டுப் படுத்து எழுந்த பின், நாலு மணிக்குப் புறப்படும். குளத்தங்கரையோடு ஒன்றே முக்கால் கிலோமீட்டர் போய், மூடிக்கிடக்கும் ஓட்டுக் கம்பெனி வாசலில் நின்று, வந்த வழியே திரும்பும். ஐந்து மணிக்கு எல்லோரும் வீட்டில் இருக்கலாம்.

கூரை ஓடு செய்வதற்குக் குளத்து மண்ணைச் சுமந்த குட்டி டீசல் இஞ்சின், பின்னால் மூன்று திறந்த பெட்டிகள். கம்பெனி மூடியபின் முப்பது வருடம் புதருக்குள் கிடந்ததை சத்தியராஜும் ஜலாலுதீனும் இன்னும் பத்துப் பேரும் சேர்ந்து, ஆறு வருடம் பாடுபட்டு ஓட வைத்திருந்தார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. இந்த விவரம் பிற்பாடு அரசுக் கோப்புகளில் பல இடங்களில் சந்தேகத்துடன் குறிப்பிடப்பட்டது.

சத்தியராஜ் ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மிக்ஸியின் திருகைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அவர் மனைவி ஜெயபாய் சொல்வாள். ஞாயிறு நாலு மணிக்கு இஞ்சினில் ஏறிக் கைப்பிடியைத் தொட்டால்தான் அவருக்கு வாரம் முடியும், அடுத்த வாரம் தொடங்கும். ஜலாலுதீனுக்குக் கோட்டாறில் லேத் பட்டறை. உலகத்தில் எங்கும் கிடைக்காத உதிரிபாகங்களை அவர் கடைந்து கொண்டுவருவார்.

ஒரு தை மாதத்தில் இஞ்சின் கொட்டகைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மேற்படி தண்டவாளம் ரயில்வேக்குச் சொந்தமானதல்ல. ரயில்வேக்குச் சொந்தமில்லாத தண்டவாளம் தண்டவாளமாகாது. தண்டவாளம் அல்லாத இரும்பு பொது இடத்தில் கிடப்பது இடையூறு. ஆகவே முப்பது நாட்களுக்குள் அகற்றப்படும். மரபுச் சின்னமாக அங்கீகாரம் பெற்றிருந்தால் மட்டும் விலக்கு உண்டு.

"அங்கீகாரம்தானே? வாங்கிருவோம்" என்றார் ஜலாலுதீன்.

இருவரும் நாகர்கோவிலில் மரபு ஊர்திகள் பாதுகாப்பு மற்றும் கௌரவிப்புப் பிரிவுக்குப் போனார்கள். பிரிவு அலுவலர் ஷைஜா நல்ல பெண். இருவருக்கும் நாற்காலி போடச் சொன்னாள். விண்ணப்பத்தைப் படித்தாள். கணினியில் ஒரு பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழாகவும், பிறகு கீழிருந்து மேலாகவும் பார்த்தாள்.

"சார், ரயில்னு ஒண்ணு இதுல இல்லையே."

"வேற என்ன உண்டு?"

"தேர், பல்லக்கு, மாட்டு வண்டி, படகு."

"மத்தவைன்னு ஒண்ணு இருக்குமே மேடம்?" என்றார் ஜலாலுதீன்.

"இருந்தது. எல்லாரும் அதுலயே போடுறாங்கன்னு எடுத்துட்டாங்க."

ஷைஜா உதவி செய்யத்தான் பார்த்தாள். தேர் என்று போட்டால் எந்தக் கோயில், எந்தத் தெய்வம் என்று கேட்பார்கள். சத்தியராஜ் ஜலாலுதீனைப் பார்த்தார், ஜலாலுதீன் சத்தியராஜைப் பார்த்தார். வேண்டாம் என்று முடிவாயிற்று. மாட்டு வண்டிக்கு மாட்டின் புகைப்படம் இணைக்க வேண்டும்.

"பல்லக்கு? எத்தனை பேர் தூக்குவீங்க?"

"எட்டு டன் இருக்கு மேடம்."

"அப்போ படகுதான். நீங்களே சொல்லுங்க சார். இஞ்சின் உண்டா?"

"உண்டு."

"ஹாரன்?"

"உண்டு."

"ஆள் ஏற ஒரு இடம், இறங்க ஒரு இடம். தண்ணி ஓரமாத்தான் போகுது. இன்னும் என்ன வேணும்?"

"தண்ணி ஓரமாத்தான் போவுது மேடம். தண்ணீல போவலியே" என்றார் சத்தியராஜ்.

"அந்தக் கேள்வி படிவத்துல இல்ல சார்."

வெளியே வந்து தேநீர்க்கடையில் நின்றபோது சத்தியராஜுக்கு மனம் ஒப்பவில்லை. "முப்பத்தாறு வருசம் வண்டி ஓட்டினவன் மக்கா நான்."

"சவத்த விடு மக்கா. பேப்பர்ல படகா இருந்தா என்ன, பருந்தா இருந்தா என்ன? ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வண்டி எடுக்கணும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். தாழக்குளம் ரயில் படகாக அங்கீகரிக்கப்பட்டது. அறிவிப்பு கிழிக்கப்பட்டது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மாசி மாதத்தில் ஷைஜாவே தொலைபேசியில் கூப்பிட்டாள். மாவட்டத்தின் மரபுப் படகுகள் எல்லாவற்றையும் ஆராய்ந்ததில், ஏழு ஆண்டுகளாகப் பயணிகளை ஏற்றியும் ஒருவர்கூட நீரில் மூழ்கி இறக்காத ஒரே படகு தாழக்குளத்துப் படகுதான் என்று கண்டறியப்பட்டிருந்தது. விழாவில் சத்தியராஜுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தில் அலை, அலைமேல் ஒரு பாய்மரம். பேசியவர் ஒருவர், இத்தகைய மாலுமிகள் நம் கடலோரத்தின் பெருமை என்றார். சத்தியராஜ் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கூச்சமாக இருந்தது. ஆனால் ஓய்வு பெற்ற நாளன்றுகூட இவ்வளவு பேர் அவருக்காகக் கைதட்டியதில்லை.

விருதுக்குப் பின்னால் கடிதங்கள் வந்தன. படகில் ஏறும் ஒவ்வொருவரும் மிதவைச் சட்டை அணிய வேண்டும் என்றது ஒன்று. பயணிகள் ஆரஞ்சு நிறச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு வயல் நடுவே போனார்கள். நாற்று நட்ட பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் குனிந்துகொண்டார்கள்.

அடுத்த கடிதம் மீன்பிடித் தடைக்காலம் பற்றியது. இந்த மாவட்டத்துக்குக் கிழக்கிலும் கடல், மேற்கிலும் கடல். கிழக்குக் கடலுக்குச் சித்திரையில் தடை தொடங்கும். அது முடியும் முன்னே மேற்குக் கடலுக்குத் தொடங்கி, பாதி ஆடி வரை ஓடும். ஒரு படகுக்கு ஒரு தடை. தாழக்குளம் எந்தக் கடலைச் சேர்ந்தது என்று ஆராய்ந்த குழு, அது இரண்டு கடலுக்கும் சம தூரத்தில் இருப்பதாகக் கண்டது. எனவே அதற்கு மட்டும் இரண்டு தடையும்.

"நாங்க மீனே பிடிக்கலியே மேடம்" என்றார் சத்தியராஜ்.

"பிடிக்கலைன்னு எப்படி சார் எழுத முடியும்? படகுன்னா பிடிக்க வாய்ப்பு இருக்குல்ல."

பள்ளிக்கூட விடுமுறை முழுக்க ரயில் நின்றது. இஞ்சின் இல்லாத நாட்டுப் படகுக்குத் தடை இல்லை என்று யாரோ சொல்ல, இஞ்சினைக் கழற்றிவிட்டு, தொண்டர்கள் பெட்டியைக் கையால் தள்ளிப் பார்த்தார்கள். சத்தியராஜ் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் முன்னால் பச்சைக் கொடியுடன் நடந்தார். இரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஏங்க, இன்னைக்கு உங்க வள்ளம் போவலியா?" என்று ஞாயிறுதோறும் ஜெயபாய் கேட்டாள். அவர் மிக்ஸி இருக்கும் பக்கம் போனார்.

ஆடி பாதியில் தடை முடிந்தது. சத்தியராஜ் இஞ்சினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை கடிதம் வந்தது. படகை இயக்கும் முன் மிதவைச் சான்றிதழ் பெற வேண்டும். மேற்படி படகை நீரில் இறக்கி மூன்று மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். மூழ்கினால் அது படகல்ல என்று கருதப்படும். படகல்ல என்றால் அங்கீகாரம் ரத்து. ரத்தானால் தண்டவாளம் அகற்றப்படும்.

சத்தியராஜ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. எட்டு டன் இரும்பை ஒரு பளுதூக்கி முட்டம் கடலில் இறக்குவதைக் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தார். ஜலாலுதீன் கடிதத்தை நாலு தடவை படித்தார்.

"மக்கா, வண்டிய தண்ணிக்குக் கொண்டு போவணும்னு இதுல எங்க எழுதிருக்கு? வண்டி தண்ணீல நிக்கணும்னுதான் எழுதிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்ல. தண்ணி வண்டிக்கு வரட்டும். ஐப்பசி வரைக்கும் தவணை கேளு."

தவணை கிடைத்தது. ஐப்பசி மழையில் குளம் நிரம்பிக் கரை வழிந்து, தண்டவாளத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஆய்வாளர் ஒருவர் டிராக்டரில் வந்து, குடைக்குக் கீழே உட்கார்ந்து, மூன்று மணி நேரம் இஞ்சினைப் பார்த்தார். அரைமணிக்கு ஒருமுறை அளவுகோலை விட்டு அளந்தார். பிறகு எழுதினார்: தொடர்ந்து நீரில் விடப்பட்டும் ஓர் அங்குலம்கூட அமிழவில்லை. காற்று பலமாக வீசியும் ஆட்டம் காணவில்லை. இத்தகைய உறுதி இதுவரை எந்தப் படகிலும் காணப்படாதது.

தண்ணீர் வடியும் முன்பே, அந்த ஆண்டு மாநிலத்தின் மிகப் பாதுகாப்பான படகு என்ற விருதும் தாழக்குளத்துக்கே வந்தது. மாநில விருது என்பதால் பெரிய கேடயம், இரண்டு பொன்னாடை. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. விருது பெற்ற பொருள், விருது பெற்றபோது இருந்த நிலையிலேயே பாதுகாக்கப்பட வேண்டும். விருது பெற்றபோது அது நின்றுகொண்டிருந்தது.

எனவே நின்றது. ஓடியபோது வாரத்துக்கு முப்பது பேர் வந்தார்கள் என்றால், நின்றபோது முந்நூறு பேர் வந்தார்கள். ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பெட்டியில் உட்கார்ந்து, படம் எடுத்துக்கொண்டு, நல்ல பயணம் என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். சத்தியராஜைப் பிரிவின் வல்லுநர் குழுவில் உறுப்பினராகப் போட்டார்கள். அவர் வண்டி ஓட்டி ஒரு வருடம் ஆகப்போகிறது.

மறு பங்குனியில் குழுவின் முன் ஒரு விண்ணப்பம் வந்தது. கொண்டுவந்தவர் முட்டத்து விசைப்படகுக்காரர் ததேயுஸ். ஷைஜாவின் மேஜைக்கு எதிரே, கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்திருந்தார்.

"வகை ரயில்னு போட்டிருக்கீரே ஓய்?" என்றார் சத்தியராஜ்.

"ஆமா அண்ணாச்சி. ரயிலுக்குத் தடைக்காலம் கெடையாதுல்லா. வருசத்துல ரெண்டு மாசம் பிள்ளைகளையும் வச்சுக்கிட்டு கரையில குத்தவச்சு இருக்கேன். உம்ம ரயிலு படகானா எனக்க படகு ரயிலாவப்படாதா?"

"ரயில்தான் பட்டியல்லயே இல்லியே மேடம்?"

"இப்போ இருக்கு சார்" என்றாள் ஷைஜா. "நீங்க வாங்கின விருதுக்கு அப்புறம், ரயிலையும் சேர்க்கணும்னு பரிந்துரை வந்து சேர்த்துட்டாங்க."

சத்தியராஜ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "அப்போ எங்க வண்டிய ரயில்னு மாத்திருங்க!"

"மாத்தலாம் சார். ஆனா படகு இல்லன்னா, படகுன்னு குடுத்த விருதெல்லாம் தப்புன்னு ஆயிரும். குடுத்தவங்க யாரெல்லாம்னு உங்களுக்கே தெரியும். அவங்க தப்பா குடுத்தாங்கன்னு நான் எழுதணுமா? இல்ல, நீங்க ஏமாத்தி வாங்கினீங்கன்னு எழுதணுமா?"

சத்தியராஜ் உட்கார்ந்தார். விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார். ஹாரன் உண்டு, இஞ்சின் உண்டு, குறித்த நேரத்தில் புறப்பட்டுத் திரும்பும், பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தடம் புரண்டதில்லை என்று அழகான கையெழுத்தில் இருந்தது.

"தடமே இல்லியே ஓய், எப்படிப் புரளும்?"

"அதனாலதான் சார் பாதுகாப்பு" என்றாள் ஷைஜா. "நீங்க கையெழுத்து போடலாம். போடலைன்னா காரணம் எழுதணும். படகு ரயிலாகாதுன்னு எழுதினா, ரயிலும் படகாகாதுன்னு அர்த்தம் வரும். பாத்து எழுதுங்க."

குளத்தங்கரையில் கிடக்கும் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் இரும்பை நினைத்துக்கொண்டு சத்தியராஜ் கையெழுத்துப் போட்டார்.

ததேயுஸ் நன்றி சொல்லி எழுந்தார். அப்போது ஷைஜா, "ஒரு விதி மட்டும் இருக்கு" என்றாள். "ரயிலை, ரயில் ஓட்டத் தகுதி பெற்றவர்தான் ஓட்டணும். உங்ககிட்ட அப்படி யாராவது உண்டா?"

ததேயுஸ் மெதுவாகத் திரும்பிச் சத்தியராஜைப் பார்த்தார். ஷைஜாவும் பார்த்தாள்.

சத்தியராஜ் கடலில் கால் நனைத்ததோடு சரி. நீந்தத் தெரியாது. அவர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனை மணிக்கு எடுக்கணும்?"

ஆனியில், மேற்குக் கடல் தடையில் கரை முழுக்கப் படகுகள் கட்டிக் கிடக்க, முட்டத்திலிருந்து ஒரு ரயில் மட்டும் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டது. இஸ்திரி போட்ட சட்டையும் ரயில்வே தொப்பியுமாகச் சத்தியராஜ் சுக்கான் பிடித்தார். கரையில் நின்று ஜலாலுதீன் பச்சைக் கொடி காட்டினார். கொடி அசைந்த பிறகுதான் வண்டியை எடுத்தார். ஹாரன் இரண்டு தடவை அடித்தார். முதல் அலையிலேயே குடித்த காப்பி வெளியே வந்தது. இரண்டாவது அலையில் இட்லி. ததேயுஸ் பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சத்தியராஜ் சுக்கானை விடவில்லை.

மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டதால், கரைக்கு அப்பால் கடலிலேயே இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்து, பிறகு உள்ளே கொண்டுவந்தார். கட்டிக் கிடந்த படகுகளின் சொந்தக்காரர்கள் நாற்பது பேரும் கரையில் திரண்டு நின்றார்கள். ஆளுக்கொரு விண்ணப்பப் படிவம் கையில் இருந்தது.

ஜலாலுதீன் கை கொடுத்து இறக்கினார். சத்தியராஜின் முகம் வெளிறியிருந்தது. ஆனால் ஒரு வருடமாக அந்தக் கண்ணில் இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது.

"எப்படி மக்கா இருந்துச்சு?"

சத்தியராஜ் தொப்பியைக் கழற்றி, ஓட்டுநருக்கு உரிய கண்டிப்புடன் சொன்னார்.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல. லைன்தான் ரொம்ப மோசம். ஒரே மேடு பள்ளம்."

"ஆமா அண்ணாச்சி" என்றார் ததேயுஸ் வருத்தத்தோடு. "எனக்க அப்பன் காலத்துல இருந்தே இப்படித்தான் போட்டு வச்சிருக்காவ. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல."

"இத இப்படியே விடப்படாது" என்று ஜலாலுதீன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கடலைச் சமப்படுத்தித் தரக் கோரும் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு, நாற்பது பேரும் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளாமல் வரிசையில் நின்றார்கள்.