மல்லாந்து படுத்து வரைந்த கூரை

எனக்கு இடது எது, வலது எது என்று தெரியும். இதை எழுத்தில் ஒருமுறை பதிவுசெய்துவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். ஏனென்றால் என் வீட்டில் ஒருவரும் இதை நம்புவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம். மாங்குளத்துக்கு மேற்கே காட்டுக்குள் ஒரு பழைய குளத்தைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் படித்துச் சான்றிதழ் வாங்கிய கையோடு அங்கே படவரைஞராக எனக்கு முதல் நியமனம். முகாமில் நான் ஒருத்திதான் பெண் உத்தியோகத்தர். (துணைக்கு வந்திருந்த அம்மா சம்பளமில்லாத மேலதிகாரி. அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.) ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடிய நிரந்தரமா, வீடா என்பதைப் பெரிய எஞ்சினியர் ஐயா வந்து தீர்மானிப்பார். முதல் நாளே அவர் என்னிடம், "படம் கீறுறது சரி பிள்ளை. குளக்கட்டில ஏறி இறங்குவீரோ?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்குப் பதிலாக மூன்று மாதம் உழைத்து ஒன்பது படங்கள் வரைந்து வைத்திருந்தேன். ட்ரேசிங் துணியில், மையால், ஒரேயொரு பிரதி.

அந்தப் படங்கள் இருந்த இடம் ஒரு வீட்டு வண்டி. முன்பிருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் விட்டுப்போனது. லொறியின் முதுகில் மரத்தால் கட்டிய அறை. உள்ளே இரண்டு கரையிலும் ஒவ்வொரு கட்டில், நடுவில் நடைவழி, பின்னால் கதவு. கூரை பலகை, பலகையின்மேல் கன்வசுத் துணி, துணியின்மேல் தார். பார்வையிட வரும் அதிகாரிகள் அதில்தான் தங்குவார்கள். நாங்கள் வேலை செய்யும் கந்தோர்க் கொட்டிலில் கறையான் என்பதால் படங்களும் அதில்தான்.

கார்த்திகை மழை தொடங்கியதும் வண்டி ஒழுகியது. இடக்கரைக் கட்டிலில் மூன்று இடத்தில் சொட்டு. நான் பதறவில்லை. படங்களை வலக்கரைக் கட்டிலின் தலைமாட்டுத் தட்டுக்கு மாற்றினேன். பிறகு ஒரு பட்டியல் எழுதினேன். ஒன்று, ஒழுக்குகளைப் படத்தில் குறித்தல். இரண்டு, மேலே ஏறி ஓட்டைகளைக் காணல். மூன்று, அடைத்தல். நான்கு, தண்ணீர் ஊற்றிச் சோதித்தல். மேசன் வேண்டாம், தச்சன் வேண்டாம், நானே போதும் என்பது பட்டியலில் இல்லை. அது முகத்தில் இருந்தது.

நடைவழியில் டிரைவர் பக்கம் தலை வைத்து, மல்லாந்து படுத்து, முகத்துக்கு மேலே தாளைப் பிடித்துக்கொண்டு கூரையை அளவோடு வரைந்தேன். தாளின் மேற்பக்கம் வண்டியின் முன்பக்கம். மூன்று சொட்டுக்கும் சிவப்புப் புள்ளி. அழகான படம். இன்றும் அதில் ஒரு பிழை காட்ட முடியாது.

மறுநாள் மழை விட்டிருந்தது. ஏணி வைத்து மேலே ஏறி, முன்பக்கம் பார்த்து நின்று, படத்தைப் பார்த்துப் பார்த்து அடி அளந்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற டிரைவர் சின்னத்துரை அண்ணை சொன்னார்:

"தங்கச்சி, ஒழுக்கு மற்றக் கரையெல்லோ?"

"அண்ணை, தண்ணி உள்ளிடுற இடம் வேறை, சொட்டுற இடம் வேறை. பலகை வழிய ஓடித்தான் வரும்."

"அப்ப சரி. படிச்சனீங்கள் சொல்லுறியள்."

குறித்த இடத்தில் தாரைச் சுரண்டினேன். ஓட்டையைக் காணவில்லை. இன்னும் சுரண்டினேன். கன்வசு புதுத்துணி போல இருந்தது. சாதாரண மனிதர் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார். நான் சிந்தித்தேன். ஓட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்மையாக இருக்கிறது, அவ்வளவு நுண்மையான ஓட்டைக்குள் தார் இறங்காது, ஆகவே முதலில் அதைப் பெரிதாக்க வேண்டும். (இந்தத் தர்க்கத்தை எழுதும்போது இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.) கவராயத்தின் கூரால் பலகை இடுக்கு வழியே ஐந்து ஓட்டை போட்டேன். பிறகு தார் காய்ச்ச இறங்கினேன்.

தார் இளகுவதற்குள் ஜீப் வந்தது. நாளைக்கு வர வேண்டிய ஐயா இன்றைக்கே வந்துவிட்டார். ஆனையிறவிலிருந்து குலுங்கி வந்த களைப்பு. ஒரு அரை மணித்தியாலம் சரிந்துவிட்டுப் படங்களைப் பார்க்கிறேன் என்று நேரே வண்டிக்குள் போனார். இடக்கரைக் கட்டில் ஈரம் என்று நானே எச்சரித்து, காய்ந்த வலக்கரைக் கட்டிலைக் காட்டினேன். காய்ந்த கட்டிலுக்கு ஒழுக்கில்லை என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

வன்னி மழை தூறிச் சொல்லிவிட்டு வருவதில்லை. ஒரேயடியாகக் கொட்டியது. தார் அடுப்பு அணைந்தது. நான் ஏணியை நோக்கி ஓடினேன், பாதி வழியில் வண்டிக்கதவு திறந்தது.

ஐயா வெளியே வந்தார். தலையில் கைகழுவும் பேசின். உடம்பில் கோட்டு இல்லை. கோட்டுக்குள் என் படங்களைச் சுற்றி, பிள்ளையைப் போல மார்போடு அணைத்திருந்தார். நான் அசையவில்லை. அம்மாதான் சமைத்துக்கொண்டிருந்த குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளை, அவருக்கு ஒரு துவாயைக் குடன்" என்றார். நான் துவாயை எடுத்து என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

கொட்டிலில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி ஐயா படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். எட்டுப் படம் தப்பியிருந்தது. ஒன்பதாவது, மதகின் படம், நனைந்திருந்தது. ட்ரேசிங் துணியின் உயிர் அதன் பசை. பசை போனால் அது கைலேஞ்சி. நாலு மூலையும் சுருங்கி, என் மதகு மூக்குத் துடைக்கத் தயாராக இருந்தது.

"கூரைப் படம் ஆர் கீறினது?" என்று, மேசையில் கிடந்த என் கூரைத் தாளை எடுத்துக் கேட்டார்.

"நான்தான் ஐயா."

"எப்பிடி?"

"படுத்துக்கொண்டு."

"மேலை ஏறி?"

"நிண்டுகொண்டு."

அவர் தாளைத் தன் தலைக்கு மேலே, எழுதிய பக்கம் கீழே தெரிய உயர்த்திப் பிடித்தார். "வாரும். இதுக்குக் கீழ நிண்டு, வண்டியின்ரை முன்பக்கம் பாத்து, அண்ணாந்து பாரும்."

பார்த்தேன். மூன்று சிவப்புப் புள்ளிகளும் இடக்கரையில் இருந்தன. கூரையில் நின்று குனிந்து பார்த்தபோது அவை வலக்கரையில் இருந்தன. என் காதுக்குள் மழைச்சத்தம் நின்றது.

"படத்தில பிழையில்லை, பிள்ளை," என்றார். "நீர்தான் படத்தின்ரை மற்றப் பக்கத்தில நிண்டிருக்கிறீர்."

வாசலில் நின்ற சின்னத்துரை அண்ணை கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் தாங்க முடியாமல் இருந்தது.

மழை விட்டதும் ஐயாவே ஏணியைப் பிடிக்க, இடக்கரையில் ஏறினேன். ஒரு கன்வசு மூட்டு வாய் பிளந்திருந்தது. ஒரே ஓட்டைதான். தண்ணீர் பலகை வழியே ஓடி மூன்று இடத்தில் சொட்டியிருந்தது. (என் தத்துவம் சரி. கரைதான் பிழை.) ஒட்டுப் போடத் துணி தேடியபோது, ஐயா அந்த மதகுப் படத்தை நீட்டினார். நானே அதைக் கீலங்கீலமாகக் கிழித்து, தாரில் தோய்த்து, ஒழுகிய மூட்டுக்கு ஒன்றும் நான் போட்ட ஐந்து ஓட்டைகளுக்கு ஐந்துமாக ஒட்டினேன். மூன்று கிழமை வேலை. கிழிக்க மூன்று நிமிடம்.

மதகை மறுபடி வரைந்து கொடுத்தால் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். வரைந்து கொடுத்தேன். நிரந்தரமாக்கிய கடிதம் தை மாதம் வந்தது. அதன் அடியில் பென்சிலால் ஒரு வரி: "குளக்கட்டில் ஏறுவதற்குத் தடையில்லை. கூரையில் ஏறுவதற்கு முன் அறிவிக்கவும்."

அம்மா இந்தக் கதையைச் சொல்லாத ஆளில்லை. கலியாணம் பேசி வந்தவர்களுக்கே சொன்னார். அவர்களில் ஒருவர் சிரித்தார், அவரைத்தான் கட்டினேன். சிரித்ததை இன்னும் நிறுத்தவில்லை.

போன கிழமை வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற ஒருவர் எங்கள் வீட்டு வாசல் படலையில் நின்று வழி கேட்டார். சந்தியில் இடக்கைப் பக்கம் திரும்புங்கோ என்று தெளிவாகச் சொன்னேன். உள்ளேயிருந்து என் மகள் கேட்டாள்: "அம்மா, படுத்துப் பாத்துச் சொல்லப் பாய் கொண்டரட்டோ?"

வந்தவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு நன்றி சொல்லிவிட்டு, அடுத்த வீட்டில் கேட்கப் போனார்.