கடலைக் கொட்டகைக்கு ஒரு குமிழ்ப் பூட்டு

தொம்பையில் இருந்த விதைக்கடலை, கரிக்கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியிருந்தது.

கோவர்த்தனன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து நின்று பார்த்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பார்த்தார். கோட்டைப் போட்டவர் அவரேதான். கோடு தானாக மேலே ஏற வழியில்லை. அப்படியானால் கடலைதான் இறங்கியிருக்க வேண்டும். கடலைக்குக் கால் கிடையாது என்பதால், கால் உள்ள எவனோ வந்துபோயிருக்கிறான் என்ற முடிவுக்கு வந்தார். யோசித்து ஒரு முடிவுக்கு வருவதில் விஜயபுரம் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வந்த முடிவு சரிதானா என்று பார்க்கத்தான் அவருக்கு நேரம் இருப்பதில்லை.

தொம்பை என்பது மூங்கில் தப்பையில் பின்னி, சாணி பூசி, மார்பு உயரத்துக்கு நிற்கிற பெரிய கூடை. மேட்டுக்கொல்லை முழுவதற்குமான விதை அதில்தான் இருந்தது. ஆனியில் மழை இறங்கியதும் காயை உடைத்துப் பருப்பெடுத்து, ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் விதை கேட்டுப் போனால், பெண் கொடுத்த மாமனாரே வீட்டில் இல்லை என்று சொல்லியனுப்புவார். கொல்லை தரிசாகக் கிடந்தால் அடுத்த வருஷத்துச் சோற்றுக்கு என்ன செய்வது?

நேராகக் கிராம முன்சீப்பிடம் போனார். ஆந்திரா தனி ராஜ்யமாகிச் சில வருஷங்கள் ஆகியும், எல்லைக்கோடு ஊருக்கு இந்தப் பக்கம் வருமா அந்தப் பக்கம் வருமா என்று இன்னும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. முன்சீப் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சாவகாசமாகக் கேட்டுக்கொண்டார்.

"எழுதிடலாம் கோவர்த்தனா. மெட்ராசுக்கு எழுதறதா, ஐதராபாத்துக்கு எழுதறதா? ஊரு எந்தப் பக்கம்னு மொதல்ல கோடு போட்டு முடிக்கட்டும். உன் திருடன் எங்க போயிடப் போறான்?"

அவரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது. நகரி சந்தைக்குப் போய்க் கைகொள்ளாத அளவில் ஒரு தொங்கு பூட்டு வாங்கிவந்தார். கம்பத்தில் நாதாங்கி அடித்து, பூட்டி, இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். மச்சினன் முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் காட்டினார். முனிகிருஷ்ணன் அவர் மனைவி ருக்மணியின் தம்பி. அடுத்த தெருவில் இருப்பவன். மாமாவின் கொல்லைக்கு ஏர் ஓட்டுவதிலிருந்து மாமாவோடு சண்டை போடுவது வரை எல்லாவற்றுக்கும் முதலில் வந்து நிற்பவன்.

அவன் பூட்டைத் தட்டிப் பார்த்தான். பிறகு கொட்டகைக்குக் கதவாக நின்ற பனையோலைத் தட்டியின் மறுமுனையை விரலால் விலக்கி உள்ளே போய், அதே வழியாகத் திரும்பி வந்தான்.

"பூட்டு ரொம்பக் கெட்டி மாமா. கதவுதான் இல்ல."

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கோவர்த்தனனும் சிரித்து, வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கை கடலை அள்ளிக் கொடுத்து அனுப்பினார். கடலைக் கொட்டகைக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் கிடையாது. ஆனால் மச்சினன் அவ்வளவு சுலபமாக உள்ளே போய்வந்தது அவர் மனத்தில் முள்ளாகத் தைத்தது.

மறுநாள் காலை ருக்மணி பின்கட்டுக்குப் போனபோது அங்கே கதவு இல்லை. மாமனார் காலத்து வேப்பமரக் கதவைக் கழற்றிக் கொட்டகைக்கு மாட்டியிருந்தார் கணவர். பனையோலைத் தட்டி அவள் சமையலறைக்கு வந்திருந்தது.

"கடலைக்குக் கதவு, கட்னவளுக்குத் தட்டியா? நாய் வந்து சோத்தப் பானையோட துன்னுட்டுப் போவட்டும்," என்றாள் ருக்மணி.

நாய் அன்றைக்கே வந்தது. ஆனால் கோவர்த்தனன் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. அவருக்குப் புதிதாக ஒரு வியாதி பிடித்திருந்தது. கொல்லைக்குப் பாதி வழி போனதும், பூட்டினோமா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும். திரும்பி வருவார். பூட்டு தொங்கும். பூட்டியிருக்கிறது சரி, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா? திறந்து, தொம்பைப் பக்கத்தில் நின்று கவலையோடு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மறுபடி பூட்டிக்கொண்டு கிளம்புவார். வேலியைத் தாண்டியதும் மறுபடி சந்தேகம் வரும். இப்படியே பொழுது போனது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. வயிறு வேறு உப்பிக்கொண்டது. மனக்கவலையில் மனுஷன் இப்படி ஆகிவிட்டாரே என்று ருக்மணி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக் கண் கலங்கினாள்.

கடலை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. கரிக்கோட்டிலிருந்து ஒரு சாண் ஆகிவிட்டது.

பூட்டு நல்லதுதான், பூட்டுகிற ஆளுக்குத்தான் ஞாபகம் போதவில்லை என்று கோவர்த்தனன் அடுத்த முடிவுக்கு வந்தார். கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற பூட்டு ஒன்று வேண்டும். மடி நிறையக் கடலையை வழித்துணையாகக் கட்டிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினார்.

கோயில் தெருவுக்குப் பின்னால் ஓர் இரும்புக் கடை. கடைக்காரர் பலகை மேல் வரிசையாகப் பூட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, தெலுங்கில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். உள்ளே இருக்கப்போவது மனுஷனா, சரக்கா?

"சரக்குதான். விதைக்கடலை," என்றார் கோவர்த்தனன், கையிலிருந்த காயை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே.

"சரக்குக்குத் தொங்கு பூட்டே சாலு, அதுவே போதும் நாயனா. இதி மனுஷன் உள்ள இருக்கற ரூமுக்கு," என்று கடைக்காரர் பளபளக்கும் பித்தளைக் குமிழ் ஒன்றைக் காட்டினார். ஏதோ பங்களாவுக்காக மெட்ராசிலிருந்து வரவழைத்தது. பங்களாக்காரர் மனம் மாறிவிட்டார். ஒரு பக்கத்துக் குமிழில் சாவித் துவாரம் இருந்தது, மறுபக்கத்துக் குமிழ் வெறுமையாக இருந்தது. கதவைச் சாத்தினால் டக்கென்று தானே பூட்டிக்கொள்ளும். அப்புறம் சாவி இருக்கிற பக்கத்தில் சாவி போட்டால்தான் திறக்கும், வெறுங்குமிழ் பக்கத்தில் சும்மா திருப்பினாலே திறக்கும்.

கோவர்த்தனனுக்கு டக்கென்ற அந்தச் சத்தத்துக்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. அங்கேயே வாங்கிவிட்டார்.

புத்தூரிலிருந்து வந்த தச்சர் கதவில் ஓட்டை போட்டு, சாவித் துவாரம் வெளியே வரும்படிக் குமிழைப் பொருத்தப் போனார். கோவர்த்தனன் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். திருடன் நிற்பது வெளியேதானே? துவாரத்தை அவனிடமே நீட்டினால் கம்பி விட்டுக் குடைய மாட்டானா? துவாரம் உள்பக்கம் இருக்கட்டும், திருடனுக்கு வழவழவென்று வெறுங்குமிழ் மட்டும் தெரியட்டும் என்றார். தச்சர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்.

"என் கொட்டகை, என் கதவு. சொன்னபடி மாட்டுய்யா."

தச்சர் சொன்னபடி மாட்டி, கூலிக்கு மேல் ஒரு கை கடலையும் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் சிரித்தபடி போனார்.

குமிழ்ப் பூட்டு வந்த சேதி ஊரெல்லாம் பரவியது. விஜயபுரத்திலிருந்து மட்டுமில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தும் பார்க்க வந்தார்கள். எல்லைக்கோட்டுப் பேச்சே கொஞ்ச நாள் அடங்கிப்போனது. கோவர்த்தனன் வெளிக்குமிழைத் தானே திருப்பித் திறந்து, அது தன் கைக்கு மட்டும்தான் திறக்கும் என்ற முடிவோடு, வந்தவர்களைக் கூட்டம் கூட்டமாக உள்ளே அழைத்துப்போவார். கதவைச் சாத்துவார். டக். யாராவது குமிழைத் திருப்பிப் பாருங்கள் என்பார். திருப்புவார்கள், அசையாது. பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துத் திறந்து காட்டுவார். சாவி இல்லாமல் அந்தக் குமிழ் திரும்பவே திரும்பாது என்று எல்லோரும் கண்ணாரக் கண்டு, ஆளுக்கொரு கை கடலையோடு வெளியே வந்தார்கள். வெளியிலிருந்து திருப்பிப் பார்க்க வேண்டும் என்று வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் பகலில், சாவியை வீட்டில் மறந்துவிட்டுக் கொட்டகைக்குள் போனார். காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. டக்.

முதலில் மெதுவாகத்தான் கூப்பிட்டார். பிறகு அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ருக்மணி சாவியைத் தேடி அரிசிப் பானையைக் கவிழ்த்தாள், அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்தாள். ஒருவர் கடப்பாரை எடுத்துவரப் போனார். உள்ளேயிருந்து கோவர்த்தனன், கதவை உடைத்துவிடாதீர்கள், பூட்டு பங்களாப் பூட்டு என்று அழாத குறையாகக் கத்தினார்.

ஏரை விட்டுவிட்டு ஓடிவந்த முனிகிருஷ்ணன், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் குமிழைப் பிடித்துத் திருப்பினான். கதவு திறந்துகொண்டது.

வெளியே வந்த கோவர்த்தனன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது தொறக்கும்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"தலகீழா மாட்டிக்கீறீங்க மாமா. வெளிய கீற எவன் திருப்பினாலும் தொறந்துக்கும். உள்ள கீறவனத்தான் வுடாது."

"அதான் தெனமும் தொறந்துக்கினு இருந்தியா?"

முனிகிருஷ்ணன் முகம் கறுத்தது. திரும்பி நடந்தான். ருக்மணி அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. பிறந்த வீட்டு மானத்தை நடுத்தெருவில் வைத்து வாங்கிவிட்டாரே என்று தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதாள். கோவர்த்தனனுக்கும் உள்ளுக்குள் என்னவோ போலத்தான் இருந்தது. ஆனால் முடிவு என்று ஒன்று எடுத்துவிட்டால் அதிலிருந்து இறங்கி வருவது அவருக்குப் பழக்கமில்லாத காரியம்.

தச்சரை மறுபடி கூப்பிட முகம் இல்லை. அதனால் கயிற்றுக் கட்டிலைக் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் உட்கார்ந்துவிட்டார். இனி வெளியிலிருந்து எவன் திருப்பினாலும் கட்டில் இடிக்கும். சோறு கொண்டுவந்த ருக்மணியிடம், பசியில்லை என்று பாதிக்கு மேல் திருப்பியனுப்பினார். எட்டிப் பார்த்துக் கவலைப்படக்கூடாது என்று தொம்பைக்கு மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி, அந்தப் பக்கம் கையை மட்டும் நீட்டினால் எட்டுகிற தூரத்தில் தலைமாட்டை வைத்துக்கொண்டார். மழை வரும் வரை அந்த இடத்தை விட்டு நகருவதில்லை என்று சபதம் செய்தார்.

ஆனி பிறந்து, மழையும் கொட்டியது. மேட்டுக்கொல்லை ஊறி உழவுக்குப் பதமாகிவிட்டது. கடலை உடைப்பதற்குச் செல்லியம்மா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். கோவர்த்தனன் கட்டிலை நகர்த்தி, சாவி போட்டுக் கதவைத் திறந்து, வெற்றிச் சிரிப்போடு சாக்கை உருவினார்.

தொம்பையில் பாதி இல்லை.

கோவர்த்தனன் வாசலுக்கு வந்து ஈர மண்ணிலேயே உட்கார்ந்தார். கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது, குறுக்கே அவரும் இருந்தார். அப்படியிருந்தும் விதை போய்விட்டது. கொல்லையில் பாதி தரிசுதான். வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. பெண்கள் நிற்கிறார்களே என்று அடக்கிக்கொண்டார். செல்லியம்மா மட்டும் உடைக்க உட்காருகிற இடத்தைக் கூட்டலாமென்று துடைப்பத்தையும் முறத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த நேரத்தில் முனிகிருஷ்ணன் தலையில் ஒரு மூட்டையோடு வந்தான். அக்காள் எதிரில் அதை இறக்கி வைத்தான்.

"என் வெதையில மிச்சம். ஈரம் காயறதுக்குள்ள வெதச்சிருங்க," என்று அவளிடம் சொன்னான். மாமாவைப் பார்க்கவில்லை.

கோவர்த்தனன் மூட்டையைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார். அவர் மண்டைக்குள் ஒரு முடிவு பிரகாசமாக உதித்தது. துள்ளி எழுந்தார்.

"பார்த்துக்கங்க எல்லாரும். திருடுன சரக்கு தானா திரும்பி வந்துக்கினு கீது."

ருக்மணி தலையில் கை வைத்துக்கொண்டாள். முனிகிருஷ்ணன் மூட்டையை மறுபடி தூக்கக் குனிந்தான்.

அப்போது செல்லியம்மா கொட்டகையிலிருந்து வெளியே வந்தாள். அவள் கையிலிருந்த முறத்தில் கடலைத் தோல் கோபுரமாகக் குவிந்திருந்தது.

"கட்டிலுக்குக் கீழ இன்னும் பத்து முறம் கீதுக்கா," என்றாள் ருக்மணியிடம். "பூட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, அது சரியாத்தான் வேல செஞ்சிக்கீது. திருடன வெளிய வுடாம உள்ளயே வச்சிப் பூட்டிக்கினு இருந்திருக்குது."